சீமாட்டியின் உடுப்பில் ஒதீல்

ஒதீலின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. தோளும் கைகளும் மட்டும் சலவைக்கல்லில் கடைந்தெடுத்தது மாதிரி இருக்கும். பாரிஸ் ஓவியர்களுக்கு அது போதும். பெரிய வீட்டுப் பெண்கள் படம் வரைய முகத்தைக் காட்ட மூன்று தடவை வருவார்கள். மற்ற நாளெல்லாம் அவர்களுடைய உடுப்பை மாட்டிக்கொண்டு உட்காருவது ஒதீல்தான்.

"ஊர்ல பாதி சீமாட்டிங்களுக்கு உன் கைதான்டி. இங்க வந்து இஸ்திரி போடவும் அதே கைதான்," என்று சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் கோதெத் கேலி செய்வாள். ஒதீலும் சிரிப்பாள். புருஷன் பாஸ்தியனைச் சக்கரவர்த்தியின் படைக்குப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருஷம். போலந்திலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி.

அந்தக் குளிர்காலத்தில் நீதிபதி தெசோலியேயின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். ஓவியர் தெரெல் அவள் முகத்தை அதற்குள் முடித்திருந்தார். கழுத்துக்குக் கீழே வெறும் கோடுதான். "முடிச்சுக் குடுங்க," என்றார் நீதிபதி. வேறெதுவும் கேட்கவில்லை.

இறந்தவளின் வெள்ளை மஸ்லின் உடுப்பு ஒதீலுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மடிப்புகள் சிலையில் விழுவதுபோல நேராக விழ வேண்டுமென்று தெரெல் துணியை லேசாக நனைத்தார். இடது பக்க ஜன்னல் ஒன்றுதான் வெளிச்சம். பின்னணியில் வெறும் சாம்பல் இருட்டு. பூ, திரை எதுவும் கிடையாது. தூரிகை போன தடமே தெரியாமல் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று பூசுவார். ஒதீல் கொஞ்சம் நடுங்கினாலும் அவருடைய கோடு கெட்டுவிடும்.

மூன்றாம் நாள் நீதிபதி பார்க்க வந்தார். கூடவே நாலு வயது மகள் ஜெலி. ஒதீல் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா!"

குழந்தை ஓடி வந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அசையாதேம்மா, கையைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன்!" என்றார் தெரெல்.

 திரும்பினால் குழந்தை இந்த முகத்தைப் பார்க்கும். திரும்பாவிட்டால் அம்மா என்றே நம்பும். நீதிபதி குழந்தையைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா ஈரமா இருக்கே?" என்றது ஜெலி.

 குழந்தை தானாகவே முன்னால் சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தது. அழவில்லை. சற்று நேரம் தழும்புகளையே பார்த்துவிட்டு, மறுபடி முதுகுப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டது.

"நீங்க திரும்பாதீங்க," என்றது மெதுவாக.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அடம்பிடித்து வந்தது. உடுப்பின் ஓரத்தைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சமையல்காரி கேரட்டைக் கருக விட்டது, பல் வலிப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கும். ஒதீல் ஒன்றுக்கும் பதில் பேசவில்லை. குரல் வேறு என்று தெரிந்துவிடுமே.

பதினோராம் நாள் தெரெல் தூரிகையைத் துடைத்தார். "ஆச்சு. உடுப்பை இன்னைக்கே அனுப்பணும்."

"ஐயா, இன்னும் ரெண்டு நாள் உக்காரட்டுமா? காசு வேணாம், சும்மாவே உக்காருறேன்."

"எதுக்கு? படம் முடிஞ்சுபோச்சே."

படத்தைப் பார்க்க மகளோடு வந்திருந்த நீதிபதியிடம் கேட்கலாம் என்று அவரைப் பார்த்தாள். அவர் படத்தின் முன்னால் நின்றிருந்தார். அதில் அவர் மனைவி சிரிக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. எதற்கும் கலங்காத முகம், கீழே ஒதீலின் கைகள். அவர் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன கேட்பது?

உடை மாற்றும் மறைப்புக்குப் பின்னால் போய்த் தன் பழுப்புக் கம்பளிப் பாவாடையை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். ஜெலி அவளைத் தாண்டி மறைப்புக்குள் எட்டிப் பார்த்தது. மணைமேல் வெள்ளை உடுப்பு மடித்துக் கிடந்தது.

"அம்மா எங்க போனாங்க?" என்று ஒதீலைப் பார்த்தே கேட்டது.

ஒதீல் குழந்தையின் தலையைத் தொடக் கையை நீட்டினாள். தொடவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

சலவைக்கூடத்தில் கோதெத், "என்னடி, கை எந்தச் சீமாட்டிக்குப் போச்சு?" என்றாள். ஒதீல் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள். திங்கட்கிழமை வேறொரு ஓவியர் வரச் சொல்லியிருந்தார். போனாள்.