மைனியின் கண்ணாடியில் உப்பு

என் அண்ணன் மனைவியை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். மைனி என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய மூக்குக்கண்ணாடி. எங்கள் ஊர் பொழியூரின் கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றால் போதும், அதில் உப்பு புள்ளி புள்ளியாகப் படிந்துவிடும். சேலைத் தலைப்பால் துடைத்தால் இன்னும் பரவும். அதைச் சுரண்டினால் ஒரு நாள் கறிக்கு ஆகும் என்று கேலி செய்வேன்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில், மீன்பிடிக்கப் போன அண்ணனின் வள்ளம் கரைக்கு வரும் சாயங்காலங்களில் மைனி கடல்சுவர்க் கல்மேல் ஏறி நிற்பாள். சூரியன் நேர் எதிரே இருக்கும். உள்ளங்கையை நீட்டி அதை மட்டும் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் வள்ளத்தைத் தேடுவாள். ஒருநாள் "வள்ளம் வருது!" என்று கத்திவிட்டாள். மீன் வாங்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு தண்ணீர்வரை ஓடினார்கள். அவள் பார்த்தது கண்ணாடியில் இருந்த உப்பை. அண்ணன் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மைனியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் வந்த பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் முதல், புள்ளி ஏதும் தெரிந்தால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து மெல்லத் திருகிப் பார்ப்பாள். "கூடவே திரும்பினா உப்பு. நிண்ண இடத்தில நிண்ணா வள்ளமாக்கும்" என்பாள்.

இப்போது நான் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைப் படமெடுக்கும் குழுவில் இருக்கிறேன். மைனி செய்ததைத்தான் செய்கிறோம். தொலைநோக்கிக்குள் ஒரு சின்னத் தகடு நட்சத்திரத்தை மறைக்கும். பக்கத்தில் மங்கலாக ஏதாவது தெரிகிறதா என்று தேடுவோம். நாங்கள் பார்த்த நட்சத்திரம் நமக்கு அருகில் உள்ளது, வயதில் மிக இளையது. அப்படிப்பட்டவற்றைச் சுற்றும் பெருங்கிரகங்கள் பிறந்த சூடு ஆறாமல் தாமே ஒளிர்வதால்தான் படத்தில் சிக்குகின்றன. முதல் படத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. சரிபார்க்கும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது குழுவின் விதி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைனிக்குப் போன் போட்டு, இரண்டு கிரகம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குத்தந்தை அதை அறிவிக்க, கோயிலே கைதட்டியதாம்.

அதற்குப் பிறகுதான் சரிபார்த்தோம். வானம் சுழலச் சுழல, கிரகம் என்றால் படத்துக்குப் படம் நட்சத்திரத்தைச் சுற்றி இடம் மாற வேண்டும். கருவியின் கறை இருந்த இடத்திலேயே இருக்கும். மைனியின் சோதனையேதான், தலைகீழாக: அங்கே கண்ணாடி திரும்பும், இங்கே வானம் திரும்பும். ஒரு புள்ளி அசையவே இல்லை. மற்றதும் கறை என்றால் குழுத்தலைவர் முகத்தில் எப்படி விழிப்பேன், ஊருக்குள் எப்படிப் போவேன்? பயந்துகொண்டே பார்த்தேன். அது வானத்தோடு திரும்பிக்கொண்டே போனது. தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.

மைனியிடம் ஒன்று உப்பு என்று ஒப்புக்கொண்டபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நான் கத்தினப்ப கூடைக்காரியதான் ஓடினாளுவ. நீ கத்தி கோயிலே ஓடிட்டு! சாரமில்ல மக்கா, ஃபாதரிட்ட நான் சொல்லிக்கிடுதேன். மத்தது உண்டுல்லா?"

உண்டு. பின்னால் இருக்கும் வேறு நட்சத்திரமோ என்ற சந்தேகம் தீர, அடுத்த வருடப் படம்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். நட்சத்திரம் நகர்ந்த பக்கமே அதுவும் கூடவே நகர்ந்திருந்தது. பின்னால் இருப்பதென்றால் அப்படி நகராது; இது கிரகமேதான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். கரை நெருங்கும்போதே அண்ணன் இப்போது போனில் "வாறேன்" என்று சொல்லிவிடுகிறான். ஆனாலும் மைனி கல்மேல் ஏறித்தான் நிற்கிறாள். அங்கேயே என் போனை நீட்டிப் படத்தைக் காட்டினேன். நடுவில் நட்சத்திரத்தை மறைத்த கருவட்டம், ஓரத்தில் ஒரு புள்ளி. மைனி கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து மெல்லத் திருகினாள். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, "உப்பில்ல! வள்ளமாக்கும்!" என்று ஊர் கேட்கக் கத்தினாள்.

கீழே இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள்.