மூன்றாவது போதும்

அந்த முன்பள்ளி ஆசிரியை மூன்று தடவை "போதும்" என்றார். மூன்றும் என் காதில் விழுந்தன. என் கையில் மணி இருந்தது. நான் அடிக்கவில்லை. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம், அதை நடிப்பென்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அதைப் பொய் என்று எழுதுவதற்குள் எனக்கு எழுபத்தாறு வயதாகிவிட்டது.

அது என்ன விளையாட்டு, ஏன் மணி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்வரை நான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். ஓய்வுக்குப் பிறகு கொழும்பில் ஒரு பட்டறையில் பாத்திர விளையாட்டு என்ற ஒன்றைக் கண்டேன். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, பாடமாக்கிய வசனமும் கிடையாது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுக்கப்படும். நீ யார், உனக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறாய் என்று அதில் எழுதியிருக்கும். அதன்பிறகு அரை நாளுக்கு நீ அந்த ஆள். அந்த ஆளாகவே நடப்பாய், சண்டை பிடிப்பாய், அழுவாய். அட்டைகளை எழுதுவதும், இடத்தை ஒழுங்கு செய்வதும், எந்த நேரத்தில் எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பதும் நடத்துபவரின் வேலை. அந்த வேலையில் நான் மயங்கிப்போனேன்.

ஏழெட்டு வருடங்கள் ஊர் ஊராக நடத்தினேன். கல்முனைக்குடி மீன் வியாபாரி ஒருவர் பாடசாலை அதிபர் வேடமேற்று, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரித்து நிறுத்தினார். சிரித்துச் சிரித்து விளையாட்டே நின்றுபோனது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஆளுக்காள் வேடம் மாற்றிக்கொண்டு ஒரு கல்யாணப் பேச்சு நடத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டாராக வந்த மெதடிஸ்த சபைப் பெண்கள் இருவர் கேட்ட சீதனத்தைக் கண்டு எங்கள் முஸ்லிம் ஆட்கள் வாயடைத்துப் போனார்கள். இவற்றையெல்லாம் நானே படைத்ததாக எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

இந்த விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. யாருக்காவது உண்மையில் தாங்க முடியாமல் போனால் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும். அதைச் சொன்னவுடன் நடத்துபவர் மணி அடிப்பார், எல்லாரும் அப்படியே நிற்பார்கள். நான் தெரிவு செய்த சொல் "போதும்".

என்னோடு சேர்ந்து நடத்தியவர் என் பழைய நண்பர். மெதடிஸ்தர், கணித ஆசிரியர். சொல்லைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"மச்சான், உனக்கென்ன விசரா? எங்கட ஊருல போதும் எண்டா ஆருடா நிப்பாட்டுற? உன்ட ஊட்ட வந்து ரெண்டு தரம் போதும் எண்டன். உன்ட பொஞ்சாதி மூணு அகப்பை போட்டுட்டா."

"மூணாந்தரம் கையால மூடினாய்தானே. நிப்பாட்டினாதானே."

"அப்ப அந்தச் சொல்லை விட்டுட்டுக் கையைச் சட்டமா வை."

நானும் சிரித்தேன். ஆனால் சொல்லை மாற்றவில்லை. இங்கே விருந்துக்குப் போன யாருக்கும் அவர் சொன்னது விளங்கும். முதல் "போதும்" மரியாதைக்கு. இரண்டாவது வயிறு நிறைந்ததற்கு. பரிமாறுகிறவர் இரண்டையும் கேட்காதது போலப் போட்டுக்கொண்டே இருப்பார். மூன்றாவது தடவை விருந்தாளி சாப்பாட்டுப் பீங்கானின் மேல் கையை விரித்து மூடுவார். விரித்த கையின் மேல் சோற்றைக் கொட்டுகிற வீடு இந்தக் கரையில் எங்கும் இல்லை.

அந்த ஆசிரியை கல்முனைக்குடிக்காரர். ஐம்பதை நெருங்கியவர். என் விளையாட்டுகளுக்கு அட்டை வெட்டவும் பட்டியல் எழுதவும் வருவார். ஒரு நாள் பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி தேத்தண்ணீர் வைக்க உள்ளே போயிருந்தாள். கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவளுக்கு நான்கு. முற்றத்தில் நின்ற மூத்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இளையவள் வீட்டுக்குள் நித்திரையில் போய்விட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மூத்தவள் அந்த ஒரு ஆறுதலில்தான் வளர்ந்தாள்.

"அவ நித்திரை இல்ல சேர்," என்றார். "எழும்பி வாசலுக்கு வந்துட்டா. 'உம்மா, நானும் வாறன்' எண்டு கூப்பிட்டா. எனக்குக் கேட்டிச்சு. நான் திரும்பல்ல."

மழை ஓய்ந்தது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆருக்கும் சொன்னதில்ல சேர். மூத்தவளுக்குத் தெரிஞ்சா அவ என்னோட இரிக்கமாட்டா. எனக்கு அவ ஒருத்திதான்."

"நான் ஆரிட்ட டீச்சர் சொல்லப்போறன்," என்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. எழுதினேன்.

அடுத்த விளையாட்டு வெள்ளத்தில் இடம்பெயர்ந்தவர்களின் முகாம். மாவடிப்பள்ளியில் வெறுமையாகக் கிடந்த ஒரு நெல் களஞ்சியத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். முப்பது அட்டைகள் எழுதினேன். அதில் ஓர் அட்டை, ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு வந்த தகப்பன். தாயைத் தகப்பனாக்கினேன். மகளை மகனாக்கினேன். கடலை ஆற்று வெள்ளமாக்கினேன். இனி இது அவருடைய கதை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் "நானும் வாறன்" என்ற இரண்டு சொற்களை மட்டும் மாற்றவில்லை. அதைவிட நல்ல வசனம் எனக்குக் கிடைக்கவில்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஆசிரியைக்கு முகாமில் பதிவு எழுதுகிற வேலையைக் கொடுத்தேன். அழத் தேவையில்லாத வேடம், அவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் அந்த மேசைக்குத்தான் போகவேண்டும். அதை ஒழுங்கு செய்தவன் நான். யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், யோசித்தேன். அவர் அடையாளம் காணமாட்டார் என்று நினைத்தேன். அதையும்விட வெட்கமான ஒன்று உண்டு. அடையாளம் கண்டாலும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன் என்று மெச்சுவார் என்று மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது.

அன்று காலை அவருடைய மூத்த மகளும் வந்திருந்தாள். கல்யாணம் முடித்து உம்மாவின் வளவிலேயே இருப்பவள். ஆள் குறைகிறதென்று அவளுக்கும் ஓர் அட்டை கொடுத்தேன். அவளுடைய வேடம் வரிசையில் நிற்கிற ஒரு பெண். கொழும்பிலிருந்து இருவர் பார்க்க வந்து சுவரோரம் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்கள். பார்வையாளர் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அவர்களுக்காக அதை நானே தளர்த்தினேன்.

தகப்பனாக வந்தவர் நற்பிட்டிமுனையில் வயல் செய்கிற ஒருவர். நல்ல பகிடிக்காரர். வேடம் ஏற்றால் வேறு ஆள். மேசை முன் வந்து நின்றார்.

"குடும்பத்துல எத்தனை பேர்?" என்று ஆசிரியை கேட்டார்.

"நாலு... இல்ல, மூணு."

"சரியாச் சொல்லுங்க. நாலா மூணா?"

"கெதியாச் சொல்லுங்க காக்கா, வெயில் ஏறுது!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். "ஒராள மறந்திட்டு வந்திட்டார் போல!" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளம் வரக்குள்ள ஒருத்தனத் தூக்கிட்டன். மத்தவன் வாசல்ல நிண்டான். 'அப்பா, நானும் வாறன்' எண்டான்."

ஆசிரியையின் பேனை நின்றது. "போதும்," என்றார். மெல்லிய குரல். பதிவு எழுதுபவர் ஒருவரை அடுத்த ஆளுக்கு வழிவிடச் சொல்வது போலவும் இருந்தது. எதிரே நின்றவர் எங்கள் ஊர் மனிதர். முதல் "போதும்" அவருக்குப் போதும் அல்ல. தொடர்ந்து சொன்னார்.

"போதும் சேர்," என்றார் ஆசிரியை. இப்போது என்னைப் பார்த்தார். அந்த முகாமில் சேர் என்று ஒரு பாத்திரம் இல்லை. சேர் நான் மட்டும்தான்.

சுவரோரம் இருந்தவர்களில் ஒருவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்தார். நான் அதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மூன்றாவது "போதும்" கேட்டதா என்று கேட்டால், கேட்டது. ஆனால் கேட்டிருக்கத் தேவையில்லை, கண்டாலே போதும். அவர் இடது கையை விரித்து, எழுதிக்கொண்டிருந்த கொப்பியின் மேல், பீங்கானை மூடுவது போல வைத்து மூடினார். எனக்கு அது விளங்கியது. மணி சத்தமிட்டுவிடாமல் அதன் நாக்கை விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நிமிசம் என்று நினைத்தேன். இன்னும் ஒரேயொரு நிமிசம்.

அந்த வயல்காரர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். "எனக்குக் கேட்டது," என்றார். "திரும்பிப் பாக்காம ஓடிட்டன்." நான் அட்டையில் எழுதியிருந்தபடியே சொன்னார்.

ஆசிரியை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எனக்கும் கேட்டிச்சு," என்றார். குரல் களஞ்சியம் முழுக்கக் கேட்டது. "அவ நித்திரை இல்ல. எழும்பி வந்து வாசல்ல நிண்டா. 'உம்மா, நானும் வாறன்' எண்டா. எனக்குக் கேட்டிச்சு."

அவருடைய மகள் வரிசையில் நான்காவது ஆளாக நின்றாள். கையில் வெறும் தகரப் பீங்கான்.

மறு பக்கத்திலிருந்து என் நண்பர் ஓடிவந்து என் கையிலிருந்து மணியைப் பறித்து அடித்தார். "கேக்கல்லியாடா உனக்கு?" என்று கத்தினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். அந்த அமைதியில் கொழும்பிலிருந்து வந்த இருவரும் கை தட்டினார்கள். ஒருவர் ஆசிரியையிடம் போய், இவ்வளவு தத்ரூபமாக யாரும் நடித்துக் கண்டதில்லை என்றார். ஆசிரியை அவருக்கு நன்றி சொன்னார்.

தாயும் மகளும் ஒரே ஓட்டோவில் போனார்கள். மகள் சாரதியின் பக்கத்தில் ஏறிக்கொண்டதை வாசலில் நின்று பார்த்தேன்.

அட்டைகள் முழுவதையும் எரித்தேன். இனி விளையாட்டு நடத்துவதில்லை என்று நண்பரிடம் சொன்னேன். "அது உனக்கு நீ செய்யிற வேலை," என்றார். "அவக்கு என்ன செய்யப்போறாய்?"

ஆசிரியையின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நாள் எடுத்து எழுதினேன். உங்கள் உம்மாவில் ஒரு பிழையும் இல்லை. அவர் எவருக்கும் சொல்லாமல் என்னை நம்பிச் சொன்னதை நான்தான் அட்டையில் எழுதினேன். அவர் நிறுத்தச் சொன்னபோது நான்தான் நிறுத்தவில்லை. கோபிப்பதென்றால் என்னைக் கோபியுங்கள். இப்படி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாழ்நாளில் எழுதிய நேர்மையான கடிதம் அதுதான் என்று எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான்கு நாள் கழித்து அவள் கணவன் வந்தான். உள்ளே வரவில்லை. கேற்றடியில் நின்று சொன்னான்.

"சேர், நீங்க கடிதம் எழுதாம இரிந்திரிக்கலாம். உம்மா அண்டைக்குத் தாங்க ஏலாம கத்தினது எண்டுதான் அவ நினைச்சிட்டு இரிந்தா. மெல்ல மெல்லச் சமாதானமாகி வந்தா. 'இருபது வருசமா எனக்குச் சொல்லாதத உம்மா ஊரான் ஒருத்தருக்கு முன்னமே சொல்லியிரிக்கா' எண்டு இப்ப சொல்றா. இனி நான் என்னத்தச் சொல்ற?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பாத்திரத்துக்கு எது தெரியும், எது தெரியாது என்று பார்த்துப் பார்த்து முப்பது அட்டைகள் எழுதிய எனக்கு, அந்தப் பெண்ணுக்கு எது தெரியாது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த வளவுக்குள் இரண்டு அடுப்பு எரியத் தொடங்கியது. வீடு சீதனமாக மகளுக்கு எழுதிக் கொடுத்தது. தாய் பின்பக்கத்து அறையில் தனியாகச் சமைக்கிறார்.

போன வருடம் நானும் மனைவியும் மக்காவுக்கு உம்றா யாத்திரை புறப்பட்டோம். புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு மனைவியோடு ஆசிரியையிடம் போனேன். உம்றாவுக்குப் போகிறவனிடம் இல்லையென்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அது தெரிந்துதான் போனேன். அதையும் இங்கே எழுத வேண்டும்.

பின்பக்கத்து அறையில் பாய் விரித்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். நடிப்பென்று நினைக்கவில்லை, மூன்றும் கேட்டது, கையையும் கண்டேன் என்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சேர்," என்றார். "நீங்க என்னைத்தானே பாத்துக்கிட்டு நிண்டீங்க." பிறகு, "மாப்புக் கேட்டு வந்தவங்களுக்கு இல்லண்டு சொல்ற எப்பிடி? தந்திட்டன். சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

சோறும் மீன் ஆணமும் வைத்தார். முன் வீட்டில் மகளின் குரல் கேட்டது. பிள்ளையை ஏதோ ஏசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலின் பக்கம் ஆசிரியையின் தலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திரும்பித் திரும்பி வந்தது.

என் மனைவிக்கு இரண்டாம் முறை போட்டார். "போதும் புள்ள," என்றாள் அவள். போட்டார். "போதும், போதும்!" அதற்கும் போட்டார். மனைவி சிரித்துக்கொண்டே கையால் பீங்கானை மூடினாள்.

பிறகு என் பக்கம் வந்தார். ஓர் அகப்பை விழுந்தது. வழக்கப்படி நான், "போதும்," என்றேன்.

அகப்பை அந்த இடத்திலேயே நின்றது. அவர் அதைச் சட்டிக்குள் வைத்து, மூடியை எடுத்து மூடினார்.

பீங்கானில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு இன்னும் பசித்தது.