சத்தம் குறைந்த ஸ்பிண்டில்

மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், செங்கோட்டை மரக்கடையில் பார்த்துவந்த ஆசாரி வேலையை விட்டுவிட்டேன். தென்காசியில் டயாலிசிஸ் முடிந்து மேலகரத்து வீட்டுக்கு வந்தால் துவண்டு கிடப்பாள். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இல்லை; என்னை விட்டால் ஆள் கிடையாது. வீட்டை விட்டு நகராமல் பிழைக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் பின்னறையில் சொந்தமாக ஒரு சி.என்.சி. மெஷின் கட்டினேன். கம்ப்யூட்டரில் பூ வரைந்து கொடுத்தால் கதவுப் பலகையில் அதுவே குடைந்துவிடும்.

மற்றதெல்லாம் கூடிவந்தது. ஸ்பிண்டில்தான் உயிரை வாங்கியது. உளியைச் சுழற்றுகிற மோட்டார் அது. தண்ணீர் ஓடிக் குளிர்கிற ஸ்பிண்டில் சத்தமே போடாது என்றார்கள். ஆனால் பிணம் கனம் கனக்கும். என் மெஷினில் அதைத் தாங்க வேண்டிய குறுக்குப் பாலமோ மெல்லிய அலுமினியம். அந்த எடைக்கு அரிசியைப் பையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பாலம் தொய்ந்தது. கையில் பிடித்து மரம் குடைய வைத்திருந்த கை ரூட்டர் எடை குறைவு, பலமும் உண்டு. ஆனால் எளவு, ஊரையே கூட்டும். பக்கத்து அறையில் படுத்திருப்பவளுக்குத் தூக்கம்தான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சனியனை அவள் காதுக்குப் பக்கத்தில் எப்படி ஓட்டுவது?

ஸ்பிண்டில் விற்கிற கோயம்புத்தூர்க் கடைக்காரரிடம் போனில் சண்டை போடாத குறை. "எடையும் இருக்கக் கூடாது, சத்தமும் வரக் கூடாதுன்னா கொசுவைத்தான் பிடிச்சுக் கட்டணும் அண்ணாச்சி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கடைசியில் அவரிடமே பொடி ஸ்பிண்டில் ஒன்று வாங்கினேன். ஒரு கையில் தூக்கிவிடலாம். சத்தம் மின்விசிறி அளவுதான். ஆனால் நோஞ்சான். தேக்கில் நகத்தால் சுரண்டுவதுபோல் சுரண்டும். ஒரு பலகைக்கே பகல் போய்விடும். போகட்டும், அவள் தூங்கினால் சரி என்று நினைத்தேன்.

அவள் தூங்கவில்லை. சாரல் பிடித்த நாட்கள். குற்றாலத்துக்குப் போகிற வண்டிச் சத்தம்கூட கேட்காதபடி கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, பூனைபோல நடந்தேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டு உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு மாதிரி இருக்கு" என்பாள். எனக்கு நோயின்மேல்தான் கோபம் வந்தது.

ஒருநாள் அவசரமாகக் கேட்ட கதவு ஒன்று முடியவில்லை. வேறு வழியில்லாமல் பழைய கை ரூட்டரை மாட்டி ஓட்டினேன். வீடு அலறியது. பயந்துபோய் அவளை எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து சுவிட்சை அணைத்ததும் விலுக்கென்று முழித்தாள்.

"என்னத்துக்கு நிப்பாட்டிட்டிய?"

"ஒனக்குத் தொந்தரவுன்னுதான்."

"சரியான ஆளுதான் போங்க. தறி ஓடுத வீட்டுல பொறந்தவ நான். சத்தம் இருந்தாத்தான் ஒறக்கம் வரும். நின்னா முழிப்பு வந்துரும்."

சங்கரன்கோவிலில் அவள் பிறந்த தெரு முழுக்க விசைத்தறி. எத்தனையோ தடவை அங்கே போய்க் காதைப் பொத்திக்கொண்டு படுத்தவன் நான். புத்தி வரவில்லையே! பொடி ஸ்பிண்டிலைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அதன் பிறகு பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரூட்டர் ஓடியது. அவள் தூங்கினாள். முகத்தில் கொஞ்சம் தெளிச்சிகூட வந்தது. பிழைத்துவிடுவாள் என்றே நம்பினேன்.

அவள் உயிர் போனதும் அந்தச் சத்தத்துக்குள்தான். மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போய்த் தொட்டபோது கை சில்லிட்டிருந்தது. அவள் தம்பிக்கு எப்படியோ போன் செய்தேன். பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கம்பக்கத்தார் வந்து ஏதேதோ சொன்னார்கள். ரூட்டர் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

மச்சினன் வந்து அக்காள் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னறையைப் பார்த்தான்.

"அத்தான், இன்னும் இத நிப்பாட்டலியா? எங்க தெருவுல ஒரு சாவு, துட்டின்னா மொதல்ல தறியத்தான் நிப்பாட்டுவோம். சத்தம் நின்னாலே தூங்குத பிள்ளையெல்லாம் முழிச்சி, யாரு போயிட்டான்னு கேக்கும்."

வீட்டை அடைத்துப் பூனைபோல நடந்த அத்தனை நாளும் அவள் அந்தக் கேள்வியோடுதான் கிடந்திருக்கிறாள். யாரிடம் கேட்பாள்?

"கொஞ்ச நேரம் ஓடட்டும்லே" என்றேன்.

பலகையில் பூ முடிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. ரூட்டர் வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சினன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்ச் சுவிட்சை அணைத்தான்.

நான் சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முழிக்கவில்லை.