திங்கட்கிழமை ஐநூறு

என் அக்காவுக்கு எதையும் நோட்டில் எழுதினால்தான் நம்பிக்கை. ரெடிமேட் துணி கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் செக்கிங் வேலை. சட்டையைத் திருப்பிப் போட்டு, மடிப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டுவாள். தையல் விட்டிருந்தால் விரல் அங்கேயே நின்றுவிடும். உடனே தேதி, மெஷின் எண், குறை என்ன என்று எழுதுவாள். கடைசிக் கட்டத்தில் ‘யாரால்?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ஆள் அல்லது மெஷின், இரண்டில் ஒன்றை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தை மட்டும் அவள் சட்டென்று நிரப்ப மாட்டாள். தைத்த பெண்ணையே அதே துணியைப் பக்கத்து மெஷினில் தைக்கவைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். அநியாயமாக ஒருத்தி திட்டு வாங்கக் கூடாதாம்.

அப்படிப்பட்டவள், தன் விஷயம் என்று வந்தபோது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ‘ஆள்’ என்று எழுதினாள். அதுவும் இரண்டு தடவை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்கு வெளியே கம்பெனி புதுக் கட்டடம் கட்டியது. அங்கே காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அக்காவை சூப்பர்வைசராகப் போடுகிறோம் என்றார்கள். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வீட்டில் கார் இருந்தது, அக்காவிடம் லைசென்ஸ்தான் இல்லை. ஐம்பத்தொரு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். லைசென்ஸ் ஆபீஸில் மூன்று வாய்ப்பு கொடுப்பார்கள். மூன்றும் போனால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த சூப்பர்வைசர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா வீட்டுக்காரர். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. நாங்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். லிஃப்ட் பட்டனை நாலு தடவை அமுக்குவார். ஒருமுறை ஆவி அடங்கும் வரை பொறுக்காமல் குக்கரைத் திறந்தார். பருப்பு மொத்தமும் கூரையில் ஒட்டிக்கொண்டது, அந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. நல்ல மனுஷன்தான், தங்கமான மனுஷன். ஆனால் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நமக்கு மூச்சு வாங்கும்.

அவர் உயிரை வைத்திருந்தது அந்தக் காரின் மேல். பழைய கார், ஆட்டோமேட்டிக். கியர் மாற்றும் வேலை இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே மெதுவாக நகரும். ஞாயிறு காலையில் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, கடைசியில் ஸ்பேனரை எடுத்து பேட்டரி வயரைக் கழற்றிவிடுவார். மறுநாள் விடிந்ததும் மாட்டுவார். “வாரம் முழுக்க உழைக்குது, ஒரு நாள் ரெஸ்ட் வேண்டாமா?” என்பார். எங்கே கேட்டாரோ, யார் சொன்னார்களோ!

அக்கா மாலையில் பழகும்போது பக்கத்து சீட்டில் நான்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை தடுமாறுவாள். வியாழன் வந்தால் பரவாயில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்கின் மூன்று மாடிச் சரிவிலும் வெண்ணெய் மாதிரி ஏற்றுவாள். நான் கை தட்டுவேன்.

டெஸ்ட் வைப்பது திங்கட்கிழமை. மேட்டின் பாதியில் நிறுத்தி, பின்னால் போகாமல் மறுபடி கிளப்ப வேண்டும். முதல் டெஸ்டில் பிரேக்கை விட்டதும் வண்டி சரசரவென்று பின்னால் போய்விட்டது. இரண்டாவது டெஸ்டில் பயந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வண்டி இரண்டு தடவை முக்கி, உடம்பெல்லாம் நடுங்கி, அப்படியே அணைந்துவிட்டது. ஆபீசர் பேனா மூடியைக் கழற்றி எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஆரம்பித்தார். “நான் ஓட்டுறப்ப ஒரு நாளாவது ஆஃப் ஆகியிருக்கா? உனக்கு பதட்டம்மா. பதட்டப்படக் கூடாது!” பதட்டத்தைப் பற்றி யார் பேசுவது பாருங்கள். அவர் காரை ஓட்டுவதே சனிக்கிழமை மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போகத்தான்.

அக்கா சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாள். “விடுடி. என் கைக்கு ஊசியும் நூலும்தான் வரும்போல. இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை?”

“வாயைக் கழுவு” என்றேன். “சனிக்கிழமை ஓட்டுனது யாரு, ஆவியா?”

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மறுநாள் முதல் பயிற்சிக்குக் கம்பெனி நோட்டைக் கூடவே கொண்டுவந்தாள். இனிமேல் திங்கட்கிழமையும் பழக வேண்டும் என்றாள். பிரேக்கை மிதித்தபடி வண்டியைச் சும்மா ஓடவிட்டு, இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று தினமும் எழுதினாள். அந்தப் பக்கத்தின் தலையில் அந்த இரண்டு டெஸ்டும் ஏற்கனவே இருந்தன. ‘வண்டி பின்னால் போனது. ஆள்.’ ‘வண்டி நின்றது. ஆள்.’ பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது டெஸ்டுக்கு முந்தின சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் அத்தான் முன்னால் நோட்டை விரித்தாள்.

“திங்கள் ஐநூறு. செவ்வா ஐநூத்தி நாப்பது. வியாழன் அறுநூத்தி அம்பது. இன்னைக்கு எழுநூறு. போன வாரமும் இதேதான். ஆள் மாறல, ரோடு மாறல. ஞாயித்துக்கிழமை மட்டும் வண்டிக்கு என்னமோ ஆகுது. அன்னைக்கு அதைத் தொடுறது யாருங்க?”

அத்தான் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் இருந்தார். எக்ஸ்பிரஸ் நடுவழியில் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் மூவரும் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். இன்ஜினுக்குக் காற்று போகிற வழியைத் திறந்து காட்டினார். உள்ளே அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

“இவ்வளவு கரி அடைச்சா மூச்சு விட முடியாதுல்ல? சும்மா நிக்கிறப்ப இன்ஜின் சோர்ந்துடும், மேட்டுல பிக்கப் இருக்காது. ஆனா வண்டியில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. கரிக்குத் தக்கபடி காத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிவிட்டு அதுவே சரி பண்ணிக்கும். அதுக்கு ஒரு வாரம் ஆகும். பேட்டரி வயரைக் கழட்டினா படிச்சதெல்லாம் மறந்துடும்.” நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “யாராவது கழட்டுறீங்களா?”

நான் வானத்தைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தாள்.

“அப்போ ரெண்டு தடவையும் இவளை ஃபெயில் ஆக்கினது நான்தானா?” என்றார் அத்தான்.

“ஆமா” என்றாள் அக்கா. சமாதானமெல்லாம் சொல்லவில்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

பேட்டரி வயரைக் கழற்றி, கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி மாட்டியபின் பட்டறைக்காரர் சொன்னார். “இப்போ வண்டி முதல்ல இருந்து படிக்கணும். ஏசி, லைட்டு எதுவும் போடாம, ஆக்ஸிலரேட்டர்ல கால் படாம இருபது நிமிஷம் சும்மா ஓடணும். யார் உட்கார்றீங்க?”

“அவர் உட்காருவார்” என்றாள் அக்கா.

அந்த இருபது நிமிடத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். அத்தான் கால்களை மடித்து சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மூன்றாவது நிமிடத்தில் வியர்த்தது. ஐந்தாவது நிமிடத்தில் கை ஏசி பட்டன் வரை போய்த் திரும்பி வந்தது. எட்டாவது நிமிடத்தில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். “மச்சினிச்சி, மணி என்ன?” என்று ஜன்னல் வழியே கெஞ்சினார். “பேசாதீங்க அத்தான், வண்டி படிக்குது” என்றேன். பட்டறைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் டயர் குவியலுக்குப் பின்னால் போனார். இருபதாவது நிமிடம் முடிந்தபோது முள் எழுநூற்றைம்பதில் ஆடாமல் நின்றது. அத்தான் சட்டை நனைந்திருந்தது.

திங்கட்கிழமை. அதே ஆபீசர், அதே பேனா. ஏறி உட்கார்ந்ததும் “உஷ், என்ன வெயில்” என்று அவரே ஏசியைத் தட்டிவிட்டாராம். வேலிக்கு வெளியே நின்ற எனக்கு ஜன்னல் கண்ணாடி ஏறுவது தெரிந்தது. ஏசி ஓடினால் இன்ஜினுக்குப் பாரம் கூடும். பக்கத்தில் அத்தான் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா மேட்டின் பாதியில் நிறுத்தினாள். பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது அணைந்த பிறகும் வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. கொஞ்சம் நின்றது. பிறகு மேலே நகர்ந்தது. உச்சியில் திரும்பி, மறுபக்கம் இறங்கி, கோட்டுக்குள் வந்து நின்றது. ஆபீசர் எழுதிய பிறகு கை கொடுத்தார். அத்தான் குழந்தை மாதிரி அழுதார். நானும்தான், மறைப்பானேன்.

காருக்குத் திரும்பியதும் அத்தான் அக்காவின் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தின் தலையில் இருந்த இரண்டு ‘ஆள்’களையும் அடித்துவிட்டு, இரண்டிலும் ‘மெஷின்’ என்று எழுதினார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “மெஷின் என்னங்க பண்ணுச்சு, பாவம்? ஒழுங்கா எழுதுங்க. திருத்தினா கையெழுத்தும் போடணும், கம்பெனி ரூல்.”

அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ‘மெஷின்’ இரண்டையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘வீட்டுக்காரர்’ என்று அழகாக எழுதி, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். ஸ்பேனரைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்.

அக்கா அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நோட்டின் அடுத்த வரியில் அன்றைய தேதியைப் போட்டு, குறை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு வண்டியைக் கிளப்பி, எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.