எட்டு நாளில் இரண்டு நாள் தண்ணீர்

எட்டில் இரண்டைச் சுருக்கச் சொன்னதும் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “நாலில் ஒண்ணுன்னு எழுதினா குறைஞ்சிடாதாம்மா?” நான் சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று பயந்தேன். ஆனால் இதே கேள்வியை என் சின்ன வயதில் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில், மோட்டார் இரைச்சலுக்கு நடுவே பெரியப்பா கேட்டது நினைவுக்கு வந்தது.

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் இருந்த அந்தக் கிணறு நான்கு குடும்பங்களுக்குப் பொது. எட்டு நாளில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர். மீதி ஆறு நாளில் எங்கள் தக்காளிச் செடிகள் தலை தொங்கிப்போகும். மற்ற இரண்டு வீடுகளும் சம்மதித்தபின், ஈர மண் வாசனை அடிக்கும் வரப்பில் நின்று, அம்மா நாலாவது பங்குக்காரரான பெரியப்பாவிடம் கேட்டாள்.

“மாமா, நாலு நாளைக்கு ஒரு நாளுன்னு முறையை மாத்திக்கலாங்களா?”

“ரெண்டு நாளு எம்பங்கு. அதை ஒரு நாளாக்கப் பாக்கறியா?”

“பங்கு அப்படியேதாங்க இருக்குது. எட்டு நாளுல ரெண்டு தடவை வருமில்லீங்களா?”

பெரியப்பா குச்சியால் மண்ணில் கோடு கிழித்துப் பார்த்தார். “செரி. காய் புடிக்கலைன்னா உன்னையத்தான் கேப்பேன்” என்றார்.

அந்த வருடம் வீடெல்லாம் தக்காளி வாசனை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பெரியப்பா இந்தக் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்ததுபோல. அம்மா சிரித்துக்கொண்டே கூடை கட்டினாள்.

இதை மகளிடம் சொல்லி முடித்ததும், வேண்டாததையெல்லாம் சொல்லிக் குழப்பிவிட்டேனோ என்று தோன்றியது. அவள் பென்சிலை எடுத்தாள்.

“அப்ப தண்ணி அதேதான். செடிதான் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, இரண்டையும் எட்டையும் அடித்து, மேலே ஒன்றும் கீழே நாலும் எழுதினாள்.