சுவரில் எனக்கோர் இடம்

எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலை டீச்சர், உள்ளே வரும் பெரியவர்களையும் குழந்தைகளின் குட்டிக் கதிரையில்தான் உட்காரவைப்பார். 'நமக்கு உதவுவோர்' என்று சுவரில் மாதம் ஒரு படம் ஒட்டிப் பாடம் நடத்துவார். ஜனவரியில் மீனவர், மார்ச்சில் மருதமுனை நெசவுக்காரர், ஒக்டோபரில் குப்பை அள்ளுபவர்கூட வந்துவிட்டார். கிராம சேவகரான என்னைக் காணவில்லை. நவம்பரில் நேரிலேயே போய், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து கேட்டேன்.

"எங்கட படம் எங்க டீச்சர்?"

அவர் குழந்தைகளிடம் திரும்பினார். "புள்ளையள், இவர் ஆரு?"

"'நாளைக்கு வாங்க' மாமா!" என்று வகுப்பே கத்தியது. உம்மாமாரோடு ஒரு கையொப்பத்துக்காக என் கந்தோருக்கு வந்து வந்து படித்த பாடம்.

டிசம்பரில் என் படமும் சுவரேறியது. கீழே, 'நாளைக்கு உதவுவார்.'

கழற்றச் சொன்னேன்.

"ஓம் சேர், நாளைக்கு வாங்க" என்றார்.