சனிக்கிழமை வரைக்கும் வைத்திருங்கள்

“நமக்கு வேதத்தக் கொண்டாந்ததே அவங்கதான். அவங்களுக்கே போயி நீ வேதம் சொல்லித்தரப் போறியாக்கும்?”

மூன்று வருடங்களுக்கு முன்னால், காரைக்கால் பஸ் ஸ்டாண்டில், என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்துக்கொண்டே சித்தப்பா கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. குரும்பகரத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.ஏ. பிரெஞ்சு. கன்னியர் மடத்தில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, மிஷனரியாக பிரான்ஸ் போகிறேன். கொஞ்சம் மரியாதையாக வழியனுப்பினால் என்னவாம்?

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “அவங்க மறந்துட்டாங்களாம்டா. இது போயி ஞாபகப்படுத்தப் போவுது” என்றார்.

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்து எழுதியிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பா இறந்துவிட்டார்.

அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும். வட பிரான்சில் ஒரு சின்ன ஊர். மடத்தில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சுற்றுவட்டாரத்தில் அத்தனை கோயில்களுக்கும் சேர்த்து ஒரே ஃபாதர். அதனால் அடக்க ஜெபங்களைப் பெரும்பாலும் கன்னியர்களும் ஊர்க்காரர்களுமே நடத்துகிறோம். உயிரோடு இருப்பவர்களுக்கு வேதம் சொல்லத்தான் போனேன். இறந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர்கள் அவர்கள்தானே?

அங்கே சாவுக்கு அவசரம் கிடையாது. உடலை இறுதிச்சடங்கு நிறுவனத்தார் எடுத்துக்கொண்டு போய் ஓர் அறையில் குளிரில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் லீவு பார்த்து, டிக்கெட் பார்த்து, எல்லாருக்கும் தோதாக ஒரு நாள் குறிப்பார்கள். நான் நடத்திய முதல் அடக்கத்தில், இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

“எட்டு நாளா?” என்று பதறிவிட்டேன்.

கூட இருந்த வயதான சிஸ்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். “ஏன், அவருக்கு என்ன அவசரம்?”

பிறகு பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரு திங்கட்கிழமை. மடத்து அடுப்படியில் காலைக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். தம்பி அருள் கூப்பிட்டான்.

“அக்கா... அப்பா போயிட்டாருக்கா.”

வயலில் இருந்து வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அம்மா செம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். கேட்டுக்கொண்டேன். நீ எப்ப வருவ, அதுவரைக்கும் வைக்கட்டுமா என்றான். அழுகை வரவில்லை. தலை மட்டும் கணக்குப் போட ஆரம்பித்தது. என் ரெசிடென்ஸ் கார்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வியாழக்கிழமை ஆஃபீஸில் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம் கையில் இல்லாமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம். வியாழன் காகிதம். வெள்ளி விமானம். அப்படியென்றால்...

“தம்பி, சனிக்கிழமை அடக்கம் வச்சிக்குங்க. நான் வந்துடுறேன்.”

 

“இன்னைக்குத் திங்கக்கெழமக்கா.”

“ஆமா. ஃப்ரீசர் பாக்ஸ் இருக்குல்ல?”

“பாக்ஸ் இருக்கு. தெருவுல ஒரு வூட்டுலயும் அடுப்பு எரியல. அப்பாவ எடுக்கிற வரைக்கும் எவனும் ஒல வைக்க மாட்டான். சனிக்கெழம வரைக்கும் ஊரையே பட்டினி போடச் சொல்றியா?”

எனக்கு அது மறந்துபோயிருந்தது. சத்தியமாக மறந்துபோயிருந்தது! பிறந்து வளர்ந்த தெருவில் எத்தனை சாவுக்கு நானே பசியோடு உட்கார்ந்திருக்கிறேன்?

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நான்கு மணிக்கு அடக்கம் செய்துவிட்டார்கள். அங்கே எனக்கு உச்சிப் பொழுது. வீடியோ காலில் பார்த்தேன். குழிக்கருகே போனதும் தம்பி மண் போட வேண்டுமே — போனை யாரிடமோ கொடுத்தான். அதன்பிறகு திரை முழுக்க யாருடைய சட்டையோ. நீலக் கட்டம் போட்ட சட்டை. மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கே மதியம் எனக்கு ஓர் அடக்கம் இருந்தது. நடத்தினேன். வந்தவர்கள் மூன்று பேர். அழுதவள் நான் ஒருத்திதான். முடிந்ததும் இறந்தவரின் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மாமனாரை உங்களுக்கு அவ்வளவு நல்லாத் தெரியுமா?” என்று கேட்டாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஒரு கன்னியர் சொல்லக்கூடாத பொய்தான்.

வியாழக்கிழமை போனேன், காகிதம் தரவில்லை. இன்னும் ஏதோ கேட்டார்கள். அதையும் கொடுத்துக் காகிதம் வாங்கி, அப்பா இறந்து பதினோரு நாள் கழித்துதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா சோறு போட்டார். பாய் விரித்துக் கொடுத்தார். என் துணியைத் துவைத்துப் போட்டார். பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. நாலாம் நாள் தம்பியிடம் கேட்டேன்.

“அம்மாவுக்கு எம்மேல கோவமாடா?”

“பொதங்கெழம காலைல வர்றேன்னு சொல்லியிருந்தா வச்சிருப்போம்க்கா. அம்மா அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்துச்சு, ‘வரச்சொல்லு, ஒரு ராத்திரிகூட வச்சிக்கலாம்’னு. நீ சனிக்கெழமன்னுட்ட. அப்பறம் அதுகிட்ட நான் என்னத்த சொல்றது?”

அன்றைக்கே கிளம்பியிருந்தால் புதன்கிழமை விடிவதற்குள் வந்திருக்கலாம். முகம் பார்த்திருக்கலாம். கார்டு போயிருக்கும். ஒருவேளை மிஷனும் போயிருக்கும். அதையெல்லாம் நான் எடைபோட்டு முடிவெடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. எடைபோடவே இல்லையே! அங்கே வழக்கம் என்னவோ அது தானாக வாயில் வந்துவிட்டது.

ஓர் ஊரில் குடியேறிவிட்டோம் என்று எப்போது தெரியும்? காய்ந்த ரொட்டி பிடித்துப்போகும்போதா? அந்தப் பாஷையில் கனவு வரும்போதா? இல்லை. பெற்றவர் செத்துப்போகும்போது, எந்த ஊர் முறைப்படி யோசிக்கிறோம் என்பதில் தெரியும்.

காரைக்கால் டவுனில் நான் டிக்கெட் பிரிண்ட் எடுக்கிற கடை பாயிடம் இதைச் சொன்னேன். இருபது வருடம் குவைத்தில் இருந்தவர். “எங்க வாப்பா மவுத்தானப்ப, வைக்கட்டுமான்னு எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லம்மா. காலைல மவுத்து, சாயந்தரம் அசர் தொழுகையோட அடக்கம். ஒங்களயாவது கேட்டாங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்டார்கள் என்பதுதானே என் பிரச்சினை?

இதற்கிடையில் பிரான்சிலிருந்து எங்கள் மடத்துத் தலைவி மதர் மெயில் அனுப்பியிருந்தார். அம்மாவோடு இருக்க வேண்டுமென்றால் இங்கேயே இருந்துகொள்ளலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு, வேறு ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று. அன்பான மெயில். அம்மா ‘இரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ‘போ’ என்றாலும் சரிதான். ஏதாவது சொல்ல வேண்டுமே!

புதன்கிழமை சாயந்திரம் அம்மா மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன். மண் இன்னும் படியவில்லை. முந்தின நாள் பெய்த மழையில் ஒரு ஓரம் உள்வாங்கியிருந்தது. அம்மா காலால் மண்ணைத் தள்ளிச் சரிசெய்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அங்க செத்தா எத்தினி நாளு வச்சிருப்பாங்க?”

“ஆறு நாளு, ஏழு நாளும்மா. சமயத்துல பத்து நாளு.”

“கூட யாரு இருப்பா?”

“யாரும் இருக்க மாட்டாங்கம்மா. ஒரு ரூம்புல வச்சிருப்பாங்க. போயி பாக்கணும்னா நேரம் கேட்டுக்கிட்டுப் போவணும்.”

“நேரம் கேட்டா?”

“ம்.”

“மத்த நேரம்?”

“பூட்டியிருக்கும்.”

அம்மா மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். காற்றில் அணைந்தது. மறுபடி பற்றவைத்தார்.

“ஒங்கப்பாரு ஒரு நிமிசம்கூடத் தனியா இல்ல. தெரிஞ்சிக்க.”

“சரிம்மா.”

“நீ அந்த ஊர்க்காரியா ஆயிட்ட. அதான் சனிக்கெழமன்னு வாயில வந்துச்சு.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருடம் ஜெபம் நடத்திய வாய். குனிந்து, உள்வாங்கிய ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினேன்.

“அப்ப அங்கயாவது ஒழுங்கா இரு. ரெண்டு எடத்துலயும் இல்லாம போயிடாத” என்றார். சொல்லிவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தார். என் கையைப் பிடிக்கவில்லை. நான் வருகிறேனா என்று திரும்பியும் பார்க்கவில்லை. மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை மதருக்கு மெயில் போட்டேன். இரண்டே வரி. சனிக்கிழமை விமானத்தில் திரும்புகிறேன். அடுத்த அடக்கம் யாருடையதாக இருந்தாலும், அந்த அறையில் உடலோடு உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் வாங்கி வையுங்கள்.

பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை. இறந்தவர் யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.